மதுவை விட்டாரும் மூச்சை நோக்கும் பயிற்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மதுப்பழக்கத்தினின்று மீளும் ஒருவர் தம் மனத்தைத் தாமே உற்றுநோக்கும் பயிற்சியை எங்ஙனம் தொடங்குவது என்பதாம். தமிழாசிரியனுக்கு இப்பொருளிற் பேச என்ன உரிமை என்று உங்களிற் சிலர் நினைத்தல் கூடும். யான் மருத்துவம் கற்றவனல்லேன், துறவியுமல்லேன். ஆயினும், நம் சங்கத்துக் குடும்பமொன்றில் இம்முயற்சி நடந்து வருவதை இரண்டாண்டுகளாக அருகிருந்து கண்டவன்; அதன்பொருட்டு மருத்துவர்களை வினவியும் நூல்களைத் தேடிப் படித்தும் சிலவற்றை அறிந்தவன். மேலும், இப்பொருள் தமிழ்க் கல்விக்கு முற்றும் புறம்பானதன்று என்பதையும் பின்னர்க் காட்டுவேன்.

இந்திய அரசாங்கத்தார் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைக் கொண்டு நடத்தி 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் 10 வயது முதல் 75 வயது வரையுள்ளாருள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துபவர், அவருள் 5.7 கோடிப் பேர் பிறர் உதவியை வேண்டி நிற்கும் நிலையினர். இவ்வெண்ணிக்கையில் நம்மவர் எத்துணையர் என்று எவரும் கணக்கெடுத்திலர். எடுக்கவும் வேண்டா, நம் தெருக்களை நாம் அறிவோம்.

கடைகளை மூடவேண்டுமா, திறக்கவேண்டுமா என்னும் வாதத்துள் யான் இன்று புகவில்லை. 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கியது; 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது; 1971-இல் தமிழ்நாட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது; 1974-இல் மீண்டும் வந்தது; பின்னர் மறைந்தது; 2003-இல் சில்லறைக் கடைகளையே அரசாங்கத்தார் தம் வாணிகக் கழகத்தின் வாயிலாக நடத்தத் தொடங்கினர். கடைகள் மூடியிருந்த காலத்தும் குடித்தவர் இருந்தனர். கடைகள் திறந்திருக்கும் இக்காலத்தும் குடியை விட்டவர் இருக்கின்றனர். அவ்விட்டவர்க்கு யாது துணை என்பதே நம் முன் உள்ள வினா.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடந்தருதல் வேண்டும்; பண்டிதனை மேடையேற்றினால் இத்துன்பத்தைப் பொறுத்தே ஆகவேண்டும்! பண்டைத் தமிழில் 'மகிழ்' என்னுஞ் சொல் உவகையையும் குறிக்கும். கள்ளையும், கள்ளால் வரும் மயக்கத்தையும் குறிக்கும். 'களி' என்பதும் அத்தன்மையதே. சங்கச் செய்யுட்களிற் கள்ளும் தேறலும் மலிந்து கிடக்கின்றன. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அன்பையே முதற்கண் நினைக்கின்றது. ஆதலின், நம் முன்னோர் மதுவையே அறியார் என்று மேடைகளில் முழங்குவது உண்மையன்று. அவர்கள் நன்றாக அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையினாலேதான் அதன் கேட்டையும் எழுதிவைத்தனர்.

திருவள்ளுவர் 93-ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்தார். திருமூலரும் முதல் தந்திரத்திற் கள்ளுண்ணாமையைக் கூறி, மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தார். இவை பலரும் அறிந்தவை. ஆனால், மதுவை விட்டவர்க்கு மிகவும் பயன்படும் அதிகாரம் எது என்று என்னைக் கேட்டால், 54-ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை என்பேன். பொச்சாப்பு என்றால் மறதி. அதுவும், மகிழ்ச்சி மிகுதியால் தன் கடமையை மறந்து சோர்தல். அரசனை நோக்கிப் பொருட்பாலில் கூறியதாயினும், மாலைப் பொழுதிற் கடைத்தெருவைக் கடந்து வீடு திரும்பும் எளிய மனிதனுக்கும் அது பொருந்துவதே.

இனி, பௌத்தர்கள் பாலி மொழியிற் 'சதி' என்று வழங்குவது வடமொழி 'ஸ்மிருதி'யின் திரிபு. நினைவு என்பதே அதன் நேர்ப்பொருள். அச்சொல்லின் மொழிபெயர்ப்பாகவே ஆங்கிலத்தார் 'மைண்ட்புல்னெஸ்' என்கின்றனர். நம்மவர் சிலர் இதனை 'நினைவாற்றல்' என்று எழுதுகின்றனர். அது பாடத்தை மனனஞ் செய்யும் மாணவனுக்குரிய சொல். இப்பொழுது நிகழ்வதை இப்பொழுதே மறவாதிருத்தல் என்பதே இங்குக் கருத்தாதலின், பொச்சாவாமை என்னும் பழஞ்சொல்லே இதற்கு நெருங்கியது. குடி என்பது மறத்தற்குச் செய்யும் முயற்சி. இப்பயிற்சி மறவாமைக்குச் செய்யும் முயற்சி. ஒன்றற்கு மற்றொன்று மருந்தாகப் பொருந்துவது இதனாலேயே.

மருந்து என்று கூறியவுடன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே தீரவேண்டும். நாள்தோறும் மிகுதியாகப் பல ஆண்டு குடித்தவர், இச்சொற்பொழிவைக் கேட்டு எழுச்சி கொண்டு, நாளைக் காலையிற் குப்பியை உடைத்துவிட்டுப் பாயில் அமர்ந்துவிடுதல் கூடாது. மது மூளையின் ஓட்டத்தை அமர்த்துவது. அவ்வமர்த்தலுக்கு எதிராக மூளையும் தன் வேகத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். மதுவைத் திடீரென்று நீக்கினால் அவ்வேகம் தடையின்றிப் பாயும். சில மணி நேரத்திற் கைந்நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் இல்லாதவற்றைக் கண்டும் கேட்டும் பிதற்றும் நிலை உண்டாகலாம். இஃது உயிரைக் கொள்ளவும் வல்லது. இதனைப் பேய்பிடித்தல் என்று கருதி வேப்பிலை அடித்த வீடுகளை யான் அறிவேன். மருத்துவமனையில் இதற்குரிய மருந்துகளைச் சில நாட்கள் அளவாகக் கொடுத்துக் குறைத்து வருவர். தயாமின் என்னும் உயிர்ச்சத்தையும் ஊசி மூலம் ஏற்றுவர். அச்சத்துக் குறைவு மூளையை நிலையாகவே கெடுக்கும். அரசாங்கத் தலைமை மருத்துவமனைகளில் மனநோய்ப் பிரிவினர் இதனைச் செய்கின்றனர். சென்னையில் 1980-இல் திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய மருத்துவமனை போன்ற தனி நிலையங்களும் உள்ளன. 14446 என்னும் இந்திய அரசாங்கத்தாரின் தொலைபேசி எண்ணிற் கட்டணமின்றி வழிகேட்கலாம். உடல் தெளிந்த பின்னரே மனப்பயிற்சி. இவ்வரிசையை மாற்றுதல் ஆகாது.

இனி, யான் கண்டதைக் கூறுகின்றேன். என் பெரிய தந்தையார் புதல்வர், எனக்குத் தமையனார். அரிசி ஆலையொன்றிற் கணக்கெழுதுபவர். 22 ஆண்டுகள் குடித்தவர். அவருடைய இசைவு பெற்றே இதனைச் சொல்லுகின்றேன். மருத்துவமனையிற் சில நாட்கள் தங்கித் தெளிந்து வீடு வந்தபின், ஒருநாள் மாலை அவரைக் காணச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து, கைகளைத் தொடைகளின்கீழ் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "தம்பி, குடியை விட்டுவிட்டேன். இந்த ஆறரை மணியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

எத்துணை உண்மையான சொல்! குடியை விடுக என்று அறிவுரை கூறும் நாம், விட்டபின் ஒழிந்துகிடக்கும் அந்த மாலை நேரத்திற்கு என்ன கொடுக்கின்றோம்? அண்ணியார் பலகாரஞ் செய்து கொடுத்தார். பிள்ளைகள் தொலைக்காட்சியைப் போட்டுக் கொடுத்தனர். நான்கு மணிக்கே தொடங்கும் நாவின் ஊறலும், நெஞ்சின் பரபரப்பும், கால் தானே கடையை நோக்கி எழும் இயல்பும் இவற்றால் அடங்கவில்லை.

மருத்துவமனையின் ஆலோசகர் அம்மையார் ஒருவர் மூச்சை நோக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் நாள் ஐந்து நிமிடம் என்று அமர்ந்தவர் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டார். "மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள், எனக்குக் கடைதான் தெரிகிறது" என்று சினந்தார். அவ்வம்மையார் சொன்ன விடை என் மனத்தில் நின்றது. "கடை தெரிகிறது என்று தெரிந்ததல்லவா, அண்ணா? அதுதான் பயிற்சி. இதுவரை கடை தெரிந்தவுடன் கால் நடந்தது. இன்று கடை தெரிந்தது, நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்" என்றார்.

இம்முறையின் உயிர்நாடி இதுவே. மனத்தை வெறுமையாக்குதல் இதன் நோக்கமன்று. ஒளியோ உருவமோ காணுதலும் அன்று. நாற்காலியிலோ பாயிலோ முதுகை இயல்பாக நிமிர்த்தி அமர்தல் வேண்டும். பத்மாசனம் வேண்டுவதில்லை, முழங்கால் வலியுடன் ஞானமும் வந்ததாக யான் கேட்டதில்லை. மூச்சு மூக்கின் நுனியில் உரசுவதையோ, வயிறு எழுந்து தாழ்வதையோ ஒன்றைப் பற்றி நோக்குக. மூச்சை அடக்குதலும் நீட்டுதலும் இங்கில்லை. பிராணாயாமம் வேறு, இது வேறு. சில நொடிகளுள் மனம் வேறொன்றின்மேற் செல்லும். சென்றது என்று அறிந்தவுடன், கடிந்துகொள்ளாமல், மீண்டும் மூச்சினிடம் கொணர்க. ஐந்து நிமிடத்தில் ஐம்பது முறை கொணர நேர்ந்தால், ஐம்பது முறை பயிற்சி நடந்தது என்பதே பொருள். கடிந்துகொள்ளாமல் என்பதை அழுத்திச் சொல்லுகின்றேன்; குடியை விட்டவர் தம்மைத் தாமே வைதுகொள்வதில் முன்னமே வல்லவர்; அதற்குப் புதிய பயிற்சி தேவையில்லை.

முதல் வாரம் ஐந்து நிமிடம், பின்னர்ப் பத்து, ஓரிரு மாதங் கழித்து இருபது. காலையில் ஒருமுறை, ஆபத்தான அந்த மாலை வேளைக்குச் சற்று முன் ஒருமுறை. இடையே, அமராத பொழுதும் செய்யலாம். தேநீர் அருந்துங்கால் அதன் சூட்டையும் சுவையையும் மட்டும் அறிந்து அருந்துதல். கால் கழுவுங்கால் நீரின் குளிர்ச்சியை அறிதல். நடக்குங்கால் அடி தரையிற் படுவதை அறிதல். என் தமையனார்க்கு முதல் மாதம் அமர்தல் இயலவில்லை. வீட்டின் பின்புறத்துக் கிணற்றடியிலிருந்து வாயில்வரை மெல்ல நடந்தே பயின்றார்.

அடுத்து, வேட்கை எழும்பொழுது செய்வது. அமெரிக்க நாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்து 2011-இல் மறைந்த ஆலன் மார்லட் என்பார், குடிவேட்கையைக் கடலலைக்கு ஒப்பிட்டார். அலை சிறிதாகத் தோன்றி, உயர்ந்து, உச்சியை அடைந்து, உடைந்து, கரையில் நுரையாகிப் போகும். அதனோடு மல்லாடுபவன் மூழ்குவான். அதன்மேல் ஏறி மிதப்பவன் கரை சேர்வான். நம் கடற்கரையில் கட்டுமரஞ் செலுத்தும் பரதவர்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேட்கையும் அத்தன்மையதே. அது வளர்ந்துகொண்டேபோய் நம்மைக் கொன்றுவிடும் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலும் அரைமணி நேரத்துள் அது தணியத் தொடங்கும். குடிப்பவர் இதனை அறியார். ஏனெனில், உச்சியை அடையுமுன்னரே குடித்துவிடுவார். அலை தானே உடைவதை அவர் கண்டதேயில்லை.

ஆதலின், வேட்கை தோன்றியவுடன் நின்றுகொள்க. அஃது உடம்பில் எங்கே உள்ளது என்று பார்க்க. நாவிலா, தொண்டையிலா, நெஞ்சுக்குழியிலா, விரல்களிலா? வெப்பமா, இறுக்கமா, துடிப்பா? கூடுகின்றதா, குறைகின்றதா? சில மூச்சுக்களை நோக்குக. பின்னர் உடம்பு முழுவதையும் உணர்ந்து, இனிச் செய்யத்தக்கது யாது என்று முடிவு செய்க. பசி, சினம், தனிமை, களைப்பு இந்நான்கும் வேட்கையின் வேடத்தில் வருவன. சோற்றையும் உறக்கத்தையும் வேண்டிய உடம்பு, பழக்கத்தால் மதுவை வேண்டுவதாகத் தோன்றும். என் தமையனார் ஆலைக் கணக்கெழுதிய கையால், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் குறித்து, வேட்கை தோன்றியது எப்பொழுது, தணிந்தது எப்பொழுது, அதற்குமுன் நிகழ்ந்தது யாது என்று பற்று வரவு எழுதுவது போல எழுதி வந்தார். இரண்டு மாதக் கணக்கைப் பார்த்து, முதலாளியிடம் ஏச்சு வாங்கிய நாட்களும் பகலுணவு தவறிய நாட்களுமே கொடியவை என்று தாமே கண்டுபிடித்தார். அன்று முதல் உணவுப் பாத்திரம் இல்லாமல் ஆலைக்குச் செல்வதில்லை.

இம்முறைக்குச் சான்று உண்டா என்று இளைஞர்கள் கேட்பர், கேட்டல் நன்றே. ஜான் கபட்-ஜின் என்பார் 1979-இல் மாசசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நோயாளிகட்காக எட்டு வார வகுப்பாக இப்பயிற்சியை அமைத்தார். மார்லட்டும் அவருடைய மாணாக்கரும் அதனைக் குடிநோயர்க்கு ஏற்ப மாற்றினர். 2014-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதற்சிகிச்சை முடித்த 286 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தனர். ஓராண்டு முடிவில், இப்பயிற்சி பெற்றவர்களிடை மிகுதியாகக் குடித்த நாட்கள் ஏனைய இரு பிரிவினரினும் குறைவாயிருந்தன. எனினும், பிற்காலத்துத் தொகுப்பாய்வுகள் இது மற்றெல்லா முறைகளினும் மேம்பட்டதென்று துணிந்து கூறவில்லை. பல துணைகளுள் இதுவும் ஒரு துணை, அவ்வளவே. மருந்தும், ஆலோசனையும், 1935-இல் அமெரிக்காவில் இரு குடிநோயர் தொடங்கி இன்று நம் ஊர்களிலும் நடைபெறும் பெயர் கூறாக் குடிநோயர் கூட்டங்களும் இதனால் வேண்டாதனவாகிவிடா.

விபாசனை என்னும் பத்து நாள் வகுப்பைப் பற்றியும் சிலர் வினவினர். பர்மாவிற் பிறந்த கோயங்கா அவர்கள் 1969-இல் இந்தியா வந்து பரப்பியது அது. 1994-இல் திகார்ச் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒருங்கே அமர்ந்து பயின்றனர். நன்முறைதான். ஆயினும், பத்து நாள் வாய்பேசாது பல மணி நேரம் அமர்தல், குடியை விட்டுச் சில வாரமே ஆனவர்க்கு ஏற்றதன்று என்பது என் கருத்து. புதிதாகத் தெளிந்தவர் கண்ணை மூடினால் எழுவன இன்ப நினைவுகளல்ல. அடித்த மனைவியின் முகமும், அடகு வைத்த நகையும், எரியூட்டுங்கால் குடித்துக் கிடந்தமையால் முகங்காணாது போன தாயுமே எழுவர். அப்பொழுது கண்ணைத் திறந்துகொள்ளலாம், எழுந்து நடக்கலாம். நாளுக்கு நாள் துயர் மிகுமாயின், உயிர்மேல் வெறுப்புத் தோன்றுமாயின், பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

ஐந்தாம் மாதத்தில் என் தமையனார் ஒரு திருமணத்திற் குடித்துவிட்டார். நம்மவர் திருமணந்தான், சமையற்கட்டின் பின்புறத்து அறையில், "ஒரு நாள்தானே, அண்ணே" என்று உபசரித்தவரும் நம்மவரே. முன்னாட்களிலாயின், ஒரு குவளை குடித்ததும், 'எல்லாம் போயிற்று' என்று பத்து நாள் தொடர்ந்திருப்பார். சறுக்கலை வீழ்ச்சியாக்குவது அவ்வெண்ணமே என்று மார்லட் எழுதியிருக்கின்றார். இம்முறை, மறுநாட் காலையில் அண்ணியாரிடம் தாமே கூறினார். மருத்துவமனைக்குச் சென்று வந்தார். மாலை வழக்கம்போற் பின்புறத்தில் நடந்தார். அண்ணியாரும் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லாதிருந்தது எவ்வளவு கடினம் என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவீர்கள். அன்று முதல் இன்றுவரை அவர் குடித்திலர்.

குடும்பத்தார்க்கு ஒன்று கூறுவேன். "இன்றைக்கு உட்கார்ந்தீர்களா?" என்று நாள்தோறும் வினவி, பயிற்சியைப் பள்ளிக்கூட வீட்டுப்பாடமாக்கிவிடாதீர்கள். வீட்டுப்பாடத்தை மாணவர் எங்ஙனம் செய்வர் என்பதை யான் அறிவேன்! அந்த இருபது நிமிடம் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தால் போதும்.

சங்கத்தார்க்குக் கூறவேண்டியது சற்றுக் கசப்பானது. என் தமையனார் மகளுக்கு வரன் பேசியபோது, ஒரு வீட்டார், "பெண்ணின் தகப்பனார் குடிநோய் மருத்துவமனையில் இருந்தவராமே" என்று விலகினர். அவர் 22 ஆண்டு வெளிப்படையாகக் குடித்த காலத்து ஒருவரும் இதனை ஒரு குறையாகப் பேசியதில்லை. குடிப்பவனைப் பொறுத்துக்கொண்டு, குடியை விட மருந்துண்டவனை ஒதுக்கும் சமூகத்தில் எவன் மருத்துவமனையின் படியேறுவான்? இரவில் ஒளிந்து ஏறுவான். அல்லது ஏறாமலே இறப்பான். நாம் இரங்கற் கூட்டத்தில், 'திடீர் மாரடைப்பு' என்று தீர்மானம் எழுதுவோம். அத்தகைய தீர்மானங்களுள் மூன்றை எழுதிக்கொடுத்தது இந்தக் கைதான். வீட்டார் வேண்டியபடியே எழுதினேன்.

ஆதலின், நிர்வாகக் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்தேன். முதலாவது, சங்க மண்டபத்தில் நடக்கும் திருமணங்களில் அந்தப் பின்னறை உபசாரத்தை நிறுத்தவேண்டும் என்பது. அதுபற்றி அடுத்த பொதுக்குழுவில் விவாதம் நடைபெறும். எதிர்ப்பும் இருக்கும் என்று அறிகின்றேன். இரண்டாவதற்குத் தலைவர் அவர்கள் இசைந்துவிட்டார்கள். வரும் முதல் தேதி முதல், நூல்நிலையத்தை அடுத்த சிறிய அறை நாள்தோறும் மாலை 6 மணி முதல் 7½ மணி வரை திறந்திருக்கும். நான்கு நாற்காலிகளும் ஆறு பாய்களும் இடப்பட்டுள்ளன. ஆசிரியர் எவரும் இரார், சொற்பொழிவும் இராது. என் தமையனார் பெரும்பாலான நாட்களில் வருவார். யானும் பள்ளி முடிந்து வருவேன். வருவோர் பெயரை எழுதும் பதிவேடு வைக்கப்படமாட்டாது. திறவுகோல் காவற்காரரிடம் இருக்கும். தெருப்பக்கத்து வாயில் வழியே வர விரும்பாதவர், கிணற்றுப் பக்கத்துச் சிறு கதவின் வழியே வரலாம்.